நூல் பிடிக்கும் சபை

தையற்காரி யாரையும் லேசில் நம்ப மாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சபையில் பிழைத்துக் கிடக்க வேறு வழி கிடையாது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், வந்தது யார், எதற்கு, யார் சொல்லி அனுப்பினார்கள் என்றெல்லாம் மனதுக்குள் ஓடிவிடும். அதற்கப்புறம்தான் முகத்துக்குச் சிரிப்பு வரும். "வாங்க, உக்காருங்க" என்பாள். கண் மட்டும் வந்தவரின் தோளை விட்டு நகராது.

தோளைப் பார்ப்பதுதான் அவள் தொழில். சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அங்கி தைப்பவள் அவள் ஒருத்திதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டு, ஒரே சாம்பல் நிறம், கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும். வாரம் ஒரு காலை எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் உயரவாரியாக வரிசை கட்டி ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார்கள். பாட்டு இல்லை, படம் இல்லை, மணி இல்லை. நிற்பதுதான் வழிபாடு, அதற்குப் பெயரும் நிற்புதான். முடியும்போது எல்லாரும் ஒரே குரலில் ஒரு வரி சொல்வார்கள்: "படைத்தவன் கை தவறாது." அவ்வளவுதான். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கும். உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் லட்சணம்.

படைத்தவன் கை தவறாது என்றால் கோணலாக இருப்பவன் தானாகவே கோணிக்கொண்டான் என்று ஆகிறது. உடம்பு கோணினால் உள்ளே மனசு எங்கோ கோணியிருக்கிறது, அதன் அடையாளம்தான் வெளியே தெரிகிறது. சபை இப்படித்தான் கணக்குப் போட்டது. அதனால் நிற்பு தொடங்குமுன் மூத்தவர்கள் இருவர் ஒவ்வொரு வரிசையின் இரு முனையிலும் குந்தி உட்கார்ந்து, கணுக்கால் உயரத்தில் ஒரு வெள்ளை நூலை இழுத்துப் பிடிப்பார்கள். எல்லா அங்கியின் விளிம்பும் அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒரு தோள் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் விளிம்பு நூலைத் தாண்டித் தொங்கும். முதுகு கூனியிருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கால் குட்டையோ, இடுப்பு சாய்ந்ததோ, எங்கே கோளாறு இருந்தாலும் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். அசைந்தாலும் அப்படியே. கழுத்து வெட்டி இழுக்கிறவனின் விளிம்பு நூலோரம் துள்ளும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. மண்டபத்தின் பின்னால் ஒரு கனத்த திரை இருக்கிறது. அதற்குப் பின்னால் போய் இருக்கச் சொல்வார்கள். போனவரோடு தெருவில் யாரும் பேச மாட்டார்கள். கடையில் பொருள் தருவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அந்த வீட்டில் பெண் கேட்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஒரு மனிதரை உயிரோடு வைத்துக்கொண்டே இல்லாமல் ஆக்குவதற்கு இவ்வளவு போதும்.

இதில் தையற்காரியின் சங்கடம் என்னவென்றால், துணியை வெட்டி அனுப்புவது சபை. எல்லாம் ஒரே அச்சு. கத்தரி வைக்க அவளுக்கு அனுமதி இல்லை. நீளத்தை மட்டும் மடித்துக் குறைக்கலாம், அதுவும் முன்னும் பின்னும் ஒரே மடிப்பாக. ஆகவே கோணல் உடம்புக்கு நேரான அங்கி வேண்டுமென்றால் உள்ளே வித்தை காட்ட வேண்டும். தோள் இறங்கிய பக்கம் லைனிங்குக்கு அடியில் பஞ்சு வைப்பாள். கூனலுக்கு முன்பக்கம் பஞ்சு. தெருமுனைக் கண்ணாடிக்கடைக்காரருக்கு நினைத்து நினைத்துக் கழுத்து ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். அவர் காலருக்குள் கெட்டியான கேன்வாஸ் பட்டை ஒன்றை வைத்துத் தைத்திருந்தாள். இழுத்தாலும் கழுத்து நகராது. ஒரு மணி நேரம் கண்ணில் தண்ணீர் தேங்க மனிதர் சிலையாக நிற்பார். பார்ப்பவர்கள் என்ன பக்தி என்பார்கள்.

எல்லாரும் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திருட்டுச் சாமான் விற்க வந்தவர்கள் மாதிரி. வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் ஏன்மா இப்படி?" என்று கேட்பார்கள். பெரியவர் வீட்டம்மாகூட, "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன்மா இப்படி?" என்று கேட்டார். சபைக்கே தலைவரான பெரியவருக்கு இடதுகால் கொஞ்சம் குட்டை. அவர் அங்கியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாதான் வருவார். அம்மாவுக்குச் சற்று முன் வந்துபோனவரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். தையற்காரி வாயைத் திறக்க மாட்டாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "விடுங்க, பாத்துக்கலாம்" என்பாள். அந்த மண்டபத்தில் நேராக நிற்கிற உடம்பு ஒன்றுகூடக் கிடையாது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் அடுத்தவர் நேர், தான் மட்டும் கோணல் என்று நம்பி, அடுத்தவர் தன்னைப் போட்டுக்கொடுத்துவிடுவார் என்று பயந்து, பக்கவாட்டுக் கண்ணால் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் அவள் இரக்கத்தில் செய்தாளா, பிழைப்புக்குச் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ரகசியம் தெரிந்தவளை யாருக்கும் பிடிக்காது. பின்வாசலில் அம்மா தாயே என்று உருகுகிறவர்கள் முன்வாசல் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவள் கணவன் சரக்கு வண்டி ஓட்டியவன். நல்ல மனிதன், கைராசிக்காரன், வாய் மட்டும் திக்கும். வாய்க்குள் பஞ்சு வைக்க முடியாதே. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது, எல்லாரும் "தவறாது" என்று முடித்த பிறகு மண்டபத்தின் அமைதியில் அவன் "த... த..." என்று நிற்பான். முதலில் சொல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் அதையும் கவனித்துச் சொல்லிவிட்டான். திரைக்குப் பின்னால் போனான். ஒரு மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தான். பிறகு வெளியூர் லோடு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனவன் வரவே இல்லை. போட்டுக்கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் வருஷா வருஷம் தோளுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படிப்பட்ட இடத்தை விட்டுத் தொலைய வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. போகவிடாமல் பிடித்து வைத்தது அவள் மகள்.

மகளைத் தெருப் பிள்ளைகள் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். கேட்டதைக் கேட்ட மாதிரியே திரும்பச் சொல்வாள், அதே குரலில், அதே இழுப்பில். பால்காரர் போன வாரம் சொன்னதை இந்த வாரம் அவர் குரலிலேயே சொல்லி அவரைத் திடுக்கிட வைப்பாள். யாராவது எதிர்பாராமல் தொட்டால் சுருண்டுவிடுவாள். சந்தைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பொய் சொல்ல வராது. ஒழுக்கத்தால் இல்லை, அவளுக்கு அது புரியவில்லை. நடந்தது ஒன்று இருக்கும்போது நடக்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே தெரியாது.

இவ்வளவும் உள்ள பெண்ணை முதல் நாளே திரைக்குப் பின்னால் தள்ளியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நிற்பில் அவளைப் போல நிற்க ஆளில்லை. யாரும் பேசக் கூடாது, யாரும் தொடக் கூடாது, எல்லாம் ஒரே நிறம், எல்லாம் வரிசை. அவளுக்காகவே செய்து வைத்த மாதிரி ஒரு மணி நேரம். வாரம் முழுக்க உலகம் அவளைப் படுத்தும், அந்த ஒரு மணி நேரம் மட்டும் விட்டுவைக்கும். விடிந்ததும், "இன்னிக்கு நிற்பா? நாளைக்கு நிற்பா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவாள். அந்த மண்டபத்தில் நிற்பை மனதார விரும்பியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதைப் பறிக்கத் தாய்க்கு மனம் வரவில்லை.

பெண்ணுக்கு உடம்பு நெடுநெடுவென்று வளர்ந்த வருஷம் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்தது. தொலைவில், சபைக்காரர்கள் யாரும் போகாத ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டர் பெல்ட் போடச் சொன்னார். பெல்ட் போட்டால் அங்கிக்கு மேலேயே தெரியும். அதனால் நிற்பு நாளில் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வலது தோளில் பஞ்சு வைத்தாள். வளர வளரப் பஞ்சும் வளர்ந்தது.

இந்த நிலையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. நிற்பு முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சில அங்கியில உள்ள பஞ்சு வெச்சு மறைக்கிறதா காதுக்கு வந்திருக்கு. கோணலா இருக்கிறதவிட, அதை மறைக்கிறது பெரிய தப்பு. அடுத்த நிற்பு அன்னிக்கு வாசல்ல எல்லாரும் அங்கிய உள்பக்கம் திருப்பிக் காட்டிட்டு, அப்புறம் போட்டுட்டு வாங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவ்வளவு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியேறியதைக் கண்டால் தரையில்தான் ஏதோ எழுதியிருக்கிறது என்று தோன்றும். பெரியவருக்கே பஞ்சு உண்டே, அவர் எப்படி இந்த ஆணையைப் போட்டார் என்று தையற்காரி வீடு வரும்வரை யோசித்தாள். பிறகு புரிந்தது. பேச்சு வெளியே வந்துவிட்டது. இனி அவர் சும்மா இருந்தால் சந்தேகம் அவர்மேலேயே திரும்பும்.

சரி, பேச்சை வெளியே விட்டது யார்?

முதல் சந்தேகம் நாத்தனார்மேல். கணவனின் தங்கை, கடையில் காஜா எடுப்பவள், பொத்தான் வைப்பவள். பஞ்சு மூட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். மறுநாள் அவள் ஊசியில் நூல் கோத்ததே தையற்காரிக்குத் தப்பாகப் பட்டது. நேற்று நிதானமாகக் கோத்தவளுக்கு இன்று ஏன் இத்தனை தடுமாற்றம்? போன மாதம் பெரியவர் வீட்டுக்கு எதற்குப் போனாள்? புதுச் செருப்பு ஏது? மூட்டையைப் பரண்மேல் மாற்றி வைத்தாள். சற்று நேரத்தில் நாத்தனாரின் கண் பரணுக்குப் போனதைப் பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"யார்கிட்ட என்ன சொன்னே?"

"அதைத்தான் நானும் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன், அண்ணி."

"என்கிட்டயா?"

"ஆமா. நீங்களே போய்ச் சொல்லி நல்ல பேர் வாங்கிட்டீங்கன்னுதான் தெருவுல பேச்சு. பஞ்சு யார் வெச்சாங்களோ அவங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்னு சொல்றாங்க. எங்க அண்ணன் போனதுக்கு வஞ்சம் தீத்துக்கிறீங்களாம்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு அங்கியை மடியில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் எடை போட்டார்கள். நாத்தனாரின் உதடு நடுங்குவது பயத்தாலா, குற்றத்தாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் உதடும் நடுங்கியது.

அப்போது சுவரோரம் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல் பேசினாள். முதலில் வந்தது வேறொரு குரல். சபையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அம்மாவின் தேன் தடவிய குரல்.

"ஏன் கண்ணு, உன் அங்கி தோள்ல மட்டும் இவ்ளோ தடிப்பா இருக்கு?"

பிறகு அவளுடைய சொந்தக் குரல்: "அம்மா பஞ்சு வெச்சிருக்காங்க. எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் வெக்கிறாங்க."

நாத்தனார் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "புள்ளைய அடிச்சிடாதீங்க அண்ணி" என்றாள்.

அடிக்கவில்லை. அடிப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டார்கள், சொன்னாள். தையற்காரிக்குக் கோபம் வந்தது அந்தப் பாடக்கார அம்மாமேல்தான். அவருக்கும் இடுப்போரம் பஞ்சு உண்டு. மற்றவர்களுக்கும் உண்டா என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பிள்ளையின் வாயைக் கிண்டியிருக்கிறார். தெரிந்ததும் தான் தப்பித்தால் போதும் என்று முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம் வந்தது அவளுக்கு. மகளைத் திரைக்குப் பின்னால் நினைத்துப் பார்த்தாள். அங்கே வரிசை கிடையாது. ஒரு பெஞ்சு, இருட்டு, மூச்சு வாங்கும் கிழடுகள். தெருவில் ஒருவரும் பேச மாட்டார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குப் பெரிய தண்டனை ஆகாது. வரிசையை விட்டு எடுப்பது அவளைக் கொன்றுவிடும்.

அன்று மாலையிலிருந்தே பின்வாசல் கதவு தட்டப்பட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவரும் கோபத்தோடும் கெஞ்சலோடும். முதலில் வந்தவர் கண்ணாடிக்கடைக்காரர். அவரைப் பார்த்த நேரத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எல்லார் அங்கியும் கோணினால் மகளுடைய கோணல் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

"பட்டையப் பிரிச்சு எடுத்திடுங்க" என்றாள். "உள்ள எதுவும் இருக்கக் கூடாது. ஏன் கோணுதுன்னு கேட்டா, தையல் சரியில்லன்னு சொல்லிடுங்க."

"உங்க பேரு கெட்டுப்போகுமேம்மா."

"என் பேரை நான் பாத்துக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நல்லவளாக இருக்க இவளுக்கு என்ன தேவை என்று அவர் யோசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. பெரியவர் வீட்டம்மாவும் வந்தார். அதையே சொன்னாள். அவரும் அப்படித்தான் பார்த்தார். நன்றி சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் அப்படியே செய்வார்களா, இல்லை உள்ளே போய் மாற்றிச் சொல்லி அவள் தலையில் கல்லைப் போடுவார்களா என்று அவளுக்கும் தெரியாது.

மிச்சம் இருந்தது மகளின் வாய்.

"பெரியவர் வந்து, உன் அங்கி ஏன் கோணலா இருக்குன்னு கேப்பார். நீ என்ன சொல்லணும்?"

"என் முதுகு வளைஞ்சிருக்கு. அதனால ஒரு பக்கம் இறங்குது."

"அது வேணாம் கண்ணு. தையல் சரியில்லன்னு சொல்லணும்."

"யாரு தைச்சது?"

"நான்தான்."

மகள் அங்கியைப் புரட்டி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "நேராத்தானே இருக்கு" என்றாள்.

"நேராத்தான் இருக்கு. ஆனா அப்படிச் சொல்லணும்."

"எதுக்கு?"

"அப்பதான் உன்னை வரிசைல நிக்க விடுவாங்க."

இதை அவள் வெகுநேரம் யோசித்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வரிசை என்ற சொல் வேலை செய்தது. அந்த வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. தலை வாரும்போது, பாத்திரம் கழுவும்போது, பெல்ட்டின் பட்டையை இறுக்கும்போது. முதலில் பெரியவரின் கேள்வியையும் அவர் குரலிலேயே சேர்த்துச் சொன்னாள். "கேள்வி அவர் கேப்பார், நீ பதில் மட்டும் சொல்லு" என்று அதைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு "தையல் சரியில்ல, ஆனா நேராத்தான் இருக்கு" என்றாள். அந்தப் பின்பாதியையும் கழற்றினாள். கடைசியில் அது சுத்தமாக வந்தது. "தையல் சரியில்ல." தாயின் குரலிலேயே, தாயின் களைப்போடு சேர்த்தே வந்தது. தையற்காரி அவளைக் கட்டிக்கொள்ளாமல், அவளுக்குப் பிடித்த மாதிரி, ஒரு தட்டுப் பொத்தானை அவள் முன்னால் கொட்டினாள். பெண் குனிந்து பிரிக்க ஆரம்பித்தாள். ஜெயித்த மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

நிற்பு நாள் வந்தது. வாசலில் மூத்தவர்கள் அங்கிகளை வாங்கி, உள்பக்கம் திருப்பி, தோளையும் காலரையும் பிசைந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றிலும் ஒரு துணுக்குப் பஞ்சு இல்லை. எல்லாரும் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்க ஆயுசு வேண்டும். நூல் ஒன்றுதான் நேராக இருந்தது. ஒரு விளிம்பு இறங்கியது, அடுத்தது ஏறியது, அதற்கடுத்தது முன்னால் தூக்கிப் பின்னால் தொங்கியது. கொடியில் அவசரமாக உலர்த்திய துணிகள் மாதிரி ஒரு சபையே நின்றது. எத்தனையோ வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓ, நீயுமா என்று ஒரு கணம் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. இப்போது யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும், இந்தச் சனியன் இன்றோடு தொலைந்துவிடும் என்று தையற்காரி நினைத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வந்த வெளிச்சம் அணைந்தது. எல்லார் கண்ணும் தரைக்குப் போயிற்று.

பெரியவர் நொண்டாமல் நடக்கப் பாடுபட்டுக்கொண்டு வரிசையோரமாக வந்தார். அவர் அங்கி இடது பக்கம் தரையைத் தொட்டது. கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் நின்றார். பட்டை இல்லாத கழுத்து அவர் கண்ணெதிரிலேயே வெட்டி இழுத்தது.

"என்ன இது?"

"காலர் இடிக்குதுங்க. தையல் சரியில்ல."

பெரியவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. அடுத்தவரிடம் நகர்ந்தார். "தையல் சரியில்லீங்க." அதற்கடுத்தவர். "தையல்தாங்க." பாடம் சொல்லும் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் குரலில் உறுதி ஏறியது. பத்துப் பேர் தாண்டியபோது அதில் கோபமும் சேர்ந்துகொண்டது. உண்மையிலேயே இவள் தங்களைக் கெடுத்துவிட்டாள் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

மகள் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றாள். பஞ்சில்லாத அங்கியில் அந்த முதுகின் வளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. பெரியவர் அங்கே நின்றார். மற்றவர்களிடம் நின்றதைவிட அதிக நேரம் நின்றார்.

"உன் அங்கி ஏன்மா கோணலா இருக்கு?"

பெண்ணின் விரல்கள் அங்கியின் பக்கத்துத் தையலைத் தடவுவது பின்னாலிருந்து தெரிந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"தையல் சரியில்ல" என்றாள் மகள்.

பெரியவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அப்பாடா என்று தையற்காரி கால் மாற்றி நின்றாள். அசையக் கூடாத இடத்தில் அசைந்துவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் பெரியவர் அவள் முன்னால் வந்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆமாங்க. என் தையல்தான் சரியில்ல."

"கை இப்படிக் கோணுதுன்னா மனசு எங்கயோ கோணியிருக்கு. திரைக்குப் பின்னாடி போங்க."

வேலை போகும் என்று எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தாள். அவள் அளவெடுத்த அத்தனை பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாய் திறந்தால் இவர்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். திறந்தால் மகளும் மிஞ்ச மாட்டாள். போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் பேசாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். நிற்பு முடியும்போது அந்தக் கடைசி வரியைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். அத்தனை குரலுக்கும் நடுவில் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. இதற்காகத்தானே எல்லாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளும் பேசாமல் வந்ததுதான் உறுத்தியது. எதையாவது திருப்பிச் சொல்லிக்கொண்டே வருகிற பெண், அன்று ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் அங்கியைக் கழற்றி ஜன்னலோரம் பிடித்துத் தையலை முழுக்கப் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு."

"ஆமா கண்ணு."

"நான் சரியில்லன்னு சொன்னேன். பெரியவர் நம்பிட்டார்."

"ஆமா. நல்லாச் சொன்னே."

"எல்லாருக்கும் நீ சொல்லிக் குடுத்தியா?"

தையற்காரி பெல்ட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டே, "ஆமா" என்றாள்.

"சொல்லிக் குடுத்தா பொய்யும் நெசம் மாதிரியே வருது" என்றாள் மகள். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். "பெல்ட் போட்டா முதுகு சரியாயிடும்னு சொன்னே. அது நெசமா?"

"டாக்டர் அப்படித்தான் சொன்னார்."

"அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பட்டையை இறுக்கிய கை நின்றுவிட்டது. இந்தச் சபையில் யாரையும் சந்தேகப்படாத ஒரே ஒரு ஆள் இவள்தான் என்பது தையற்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் இப்போது இல்லை.

"என்னைப் புடிக்கும்னு சொல்றியே" என்றாள் மகள். "அது?"

"அது நெசம் கண்ணு. சத்தியமா நெசம்."

பிறந்ததிலிருந்து மகள் யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்தது கிடையாது, தாயின் முகத்தைக்கூட. ஒரு தடவை என் கண்ணைப் பார்க்க மாட்டாளா என்று தையற்காரி எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். இப்போது பார்த்தாள். கண்ணை எடுக்காமல், நூல் பிடிக்கிறவர்கள் விளிம்பைப் பார்ப்பது போல, தாயின் முகத்தில் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

தையற்காரி சொன்னாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நம்பியதாகத் தெரியவில்லை.